முகத்தைப் படம் எடுத்தல்

மாணவர்களே! தாராவியின் கும்பார்வாடாவில், சௌராட்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் வழித்தோன்றல்கள் பானை வனைகின்றனர். அவர்களைப் படம் எடுக்க விரும்பினால், முதலில் இசைவு கேளுங்கள். மறுத்தால் செல்பேசியைத் தாழ்த்துங்கள்.

நண்பகல் வெயில் கண்களின் கீழ் கருநிழல் வீழ்த்தும். ஆதலால் காலையிலோ மாலையிலோ எடுங்கள். அல்லது வாசல் நிழலில், முகம் வெளிச்சத்தை நோக்கியிருக்கும்போது எடுங்கள். குயவர் தரையில் அமர்ந்திருந்தால் நீங்களும் அமருங்கள். மேலிருந்து எடுத்தால் அவர் சிறுத்துத் தோன்றுவார். திரையில் அவருடைய கண்களைத் தொட்டால் அவை தெளிவாக விழும். சக்கரமும் கைகளும் படத்தில் இடம்பெறட்டும். வறுமையை மட்டும் தேடும் படத்தில் தொழிலறிந்த மனிதர் மறைந்துபோவார். எடுத்த படத்தை அவரிடம் காட்டுங்கள்.

பயிற்சி: வீட்டில் ஒருவரை இசைவு பெற்றுப் படம் எடுத்து, அவரைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.