நாற்காலியை விட்டு இறங்கிய பிறகு முடிவு செய்யுங்கள்

காஞ்சிபுரம் பக்கத்து மாகறலில் எலும்பு நோய்க்கு ஒரு சாமி உண்டு. செய்யாற்றங்கரையில் இருக்கும் திருமாகறலீசுவரர் கோயிலுக்கு மூட்டுவலி, எலும்பு முறிவு என்று வேண்டிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். பொன் உடும்பாகத் தோன்றிய சிவன் புற்றுக்குள் புகுந்துகொள்ள, வால் மட்டும் வெளியே தெரிந்தது என்பது தலக்கதை. சம்பந்தர் பாடிய ஊர். அந்தப் பக்கத்துக்காரர்களிடம் பல்வலி பற்றிப் பேசினால், “பல்லும் எலும்புதானே” என்பார்கள். பல் வைத்தியம் பற்றிய நம் நம்பிக்கைகளை அங்கிருந்தே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நம்பிக்கை: பல்லும் எலும்புதான். கொஞ்சம் குடைந்தால் ஒன்றும் ஆகாது.

எலும்பில் ரத்தம் ஓடுகிறது, முறிந்தால் கூடும். பல்லின் வெளிப்பூச்சான எனாமலில் உயிரணுவே கிடையாது. ஒருமுறை குடைந்தால் குடைந்ததுதான், திரும்ப வளராது. அடைத்த பல்லில் சில வருஷம் கழித்து அடைப்பு பெயரும். அப்போது முன்னைவிடப் பெரிதாகக் குடைந்துதான் மறுபடி அடைக்க முடியும். அதற்கு அடுத்தது ரூட் கெனால், அதற்கு மேல் கேப். கேப் போட வேண்டுமானால் பல்லைச் சுற்றிலும் செதுக்க வேண்டும். நோயுள்ள பல்லுக்கு இதெல்லாம் வரப்பிரசாதம். நல்ல பல்லுக்கு இது தீங்கு, அதுவும் நாம் காசு கொடுத்துச் செய்துகொள்ளும் தீங்கு.

நம்பிக்கை: கருப்பாக இருந்தால் சொத்தை. டிவியில் காட்டினார்களே!

மாகறலில் இருக்கும் என் சித்திக்குக் கீழ்க் கடவாய்ப்பல்லில் சோறு மாட்டிக்கொண்டிருந்தது. வலி இல்லை. பஸ் ஏறிக் காஞ்சிபுரம் போய், புதிதாகத் திறந்திருந்த ஒரு கிளினிக்கில் காட்டினார். நாற்காலியைச் சாய்த்து, பேனா மாதிரி ஒரு கேமராவை வாய்க்குள் விட்டு, எதிரே இருந்த பெரிய திரையில் பல்லைக் காட்டினார்கள். தன் வாயை அந்த அளவில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கடவாய்ப்பல் குன்று போலவும் அதன் பள்ளங்கள் கரிக்கோடு போலவும் தெரிந்திருக்கின்றன.

“பாருங்கம்மா, நாலு பல்லு போயிடுச்சு. ரூட் கெனால் பண்ணி கேப் போட்டுடலாம். இன்னைக்கே ஆரம்பிச்சா ஆஃபர்ல முடிச்சுத் தரேன்.”

தொகை ஐம்பதாயிரத்தை ஒட்டி வந்தது. தவணையும் உண்டாம். வாயில் பஞ்சு, கழுத்தில் துணி, கண்ணுக்கு நேரே விளக்கு. சித்தி நாற்காலியை விட்டு இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டுதான் பேசினார்: “வீட்ல ஒரு வார்த்த கேட்டுட்டு வரேன் சார்.” இன்னொரு மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில், ஒரு பல்லில் நிஜமாகவே சொத்தை. அதை அடைத்தார்கள், பற்காரையை எடுத்தார்கள். மற்ற மூன்றும் வெற்றிலைக் கறை படிந்த பள்ளங்கள்.

கடவாய்ப்பல்லின் பள்ளங்களில் வெற்றிலை பாக்கு, டீ, காபி எதனாலும் கறை ஏறும். கறை வேறு, சொத்தை வேறு. தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமுள்ள ஊர்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் பழுப்புத் திட்டு இருக்கும். அதுவும் சொத்தை அல்ல. எனாமல் அளவில் மட்டும் நிற்கிற ஆரம்பச் சொத்தைக்குக்கூட உடனே குடைய வேண்டும் என்பதில்லை. இனிப்பைக் குறைத்து, ஃப்ளோரைடு பற்பசையால் காலையும் இரவும் துலக்கி வந்தால் அது அங்கேயே நின்றுவிடலாம். மருத்துவர் ஆறு மாதம் கழித்துப் பார்த்துவிட்டு முடிவு சொல்லலாம்.

ரூட் கெனால் என்பது பல்லுக்குள் இருக்கும் நரம்பும் சதையும் மீட்க முடியாமல் கெட்டுப்போனால் செய்வது. அப்படிக் கெட்டிருந்தால் சூடோ குளிரோ பட்டு எடுத்த பிறகும் வலி நின்று பேசும், ராத்திரியில் தானாகவே வலி எழுப்பும், பல்லைத் தட்டினால் நோகும், எக்ஸ்ரேயில் சொத்தை நரம்பறையைத் தொட்டிருக்கும் அல்லது வேர்முனையில் கருநிழல் தெரியும். நரம்பு செத்துப்போன பல் சில சமயம் வலிக்காமலும் இருக்கும் என்பது உண்மைதான். அப்போதும் சாட்சி எக்ஸ்ரேயிலும் நரம்புச் சோதனையிலும் இருக்கும். வெறும் கேமராப் படம் ரூட் கெனாலுக்குச் சாட்சி ஆகாது.

நம்பிக்கை: பல் பார்க்கிற எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்.

1997-ல் ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழுக்காக வில்லியம் எசென்பார்கர் என்ற பத்திரிகையாளர் அமெரிக்காவின் 28 மாநிலங்களில் 50 பல் மருத்துவர்களிடம் போய் ஒரே வாயைத் திறந்து காட்டினார். சிலர் சொன்ன செலவு 500 டாலருக்குள். உச்சமாகச் சொன்னவரின் கணக்கு 30,000 டாலரை நெருங்கியது.

இதைப் படித்துவிட்டு எல்லாப் பல் மருத்துவரும் திருடர் என்று முடிவு கட்ட வேண்டாம். எப்போது குடைய வேண்டும், எப்போது காத்திருக்கலாம் என்பதில் நேர்மையான மருத்துவர்களுக்குள்ளேயே அபிப்பிராய பேதம் உண்டு. இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாட்டில் முந்நூறுக்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. படித்து வரும் பிள்ளைகளுக்கு அரசு வேலை சொற்பம். கடன் வாங்கிப் படித்து, கடன் வாங்கி நாற்காலியும் எக்ஸ்ரே கருவியும் போட்டு உட்கார்ந்தவருக்கு மாதத் தவணை நிற்காது. சங்கிலி கிளினிக்குகளில் மாத இலக்கு வைத்து வேலை வாங்குவதும் உண்டு. அவர் நிலைமை புரிகிறது. அதற்காக அந்தத் தவணையை நம் கடவாய்ப்பல்லில் கட்ட வேண்டியதில்லை. இரண்டாவது அபிப்பிராயம் கேட்பது சாதாரணமான விஷயம். முதல் மருத்துவர் என்ன சொன்னார் என்பதை இரண்டாமவரிடம் முதலிலேயே சொல்லாமல், பார்த்துவிட்டுச் சொல்லட்டும் என்று விடுங்கள்.

நம்பிக்கை: படித்த டாக்டரிடம் கேள்வி கேட்பது மரியாதை இல்லை.

மாகறலிலிருந்து உத்திரமேரூர் பஸ்ஸில் ஏறிப் போனால் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளைப் பார்க்கலாம். 919-லும் 921-லும் பொறித்தவை. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரக்கூடாது என்பது அதிலுள்ள விதி. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே ஊர்ப் பெரிய மனிதரிடம் கணக்குக் கேட்ட வட்டாரம் இது. பல் டாக்டரிடம் கேட்பதற்கு என்ன கூச்சம்?

கேட்க வேண்டியதும் அதிகமில்லை. எந்தப் பல், எக்ஸ்ரேயில் எந்த இடம் என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். செய்யாமல் விட்டால் என்ன ஆகும், எத்தனை நாளில் ஆகும், இதைவிடச் சின்ன வைத்தியம் இருக்கிறதா என்று கேளுங்கள். செலவைப் பல் வாரியாகத் தாளில் எழுதி வாங்குங்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படுவதில்லை. பலர் படம் வரைந்தே காட்டுவார்கள். ஆள் பதிவு பெற்ற பல் மருத்துவரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு எண்ணைக் கேட்டால் சொல்ல வேண்டும்.

சட்டமும் நம் பக்கம்தான். 2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பரிசோதனைக்காக மட்டும் சம்மதித்து மயக்க மருந்து எடுத்துக்கொண்ட பெண் அவர். மயக்கத்தில் இருக்கும்போது தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது, உயிர் காக்கும் அவசரம் இல்லாதபோது நோயாளியைக் கேட்காமல் கூடுதலாக எதையும் செய்யக் கூடாது என்றது நீதிமன்றம். மருத்துவர் அறுவைக்கான கட்டணத்தை இழந்தார், 25,000 ரூபாய் இழப்பீடும் கொடுக்க வேண்டி வந்தது. பல் வைத்தியத்துக்கும் இதே சட்டம்தான். “சும்மா பார்க்கிறேன்” என்று வாயைத் திறக்கச் சொன்னவர், கேட்காமல் குடைய ஆரம்பித்தால் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. பாதி வேலையில்கூட நிறுத்தச் சொல்லலாம். அப்படி நிறுத்தினால், திறந்த பல்லைத் தற்காலிகமாக அடைத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

நம்பிக்கை: இலவச முகாமில் எழுதிக் கொடுத்ததையெல்லாம் செய்துகொள்ள வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் முகாம் போடுவார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, கையில் டார்ச், ஒரு ஆளுக்கு இரண்டு நிமிஷம். அது வடிகட்டிப் பார்ப்பதுதான். எக்ஸ்ரே இல்லாமல், அந்த வெளிச்சத்தில் எழுதிய சீட்டு நோய் உறுதி ஆகாது. முகாம் நடத்தும் பல் மருத்துவக் கல்லூரிகளுக்கு மாணவர்கள் பழக நோயாளிகள் வேண்டும் என்பதும் ஊரறிந்தது. ஆனாலும் கல்லூரி மருத்துவமனையை நான் குறை சொல்ல மாட்டேன். செலவு குறைவு, ஆசிரியர்கள் மேற்பார்வை பார்க்கிறார்கள், அவசரப்படுத்துவதும் குறைவு. இரண்டாவது அபிப்பிராயத்துக்கு நல்ல இடம். காஞ்சிபுரம் அரசுத் தலைமை மருத்துவமனையிலும் பல் பிரிவு இருக்கிறது. சென்னைக்குப் போக முடிந்தவர்களுக்குக் கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 1953-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே நேரம் பிடிக்கும், அதனால் காலையிலேயே போய்விடுங்கள்.

நம்பிக்கை: ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லைக் காட்டி க்ளீனிங் செய்துகொள்வது கட்டாயம்.

எல்லோருக்கும் இல்லை. ஒழுங்காகப் பல் மருத்துவரிடம் போய் வரும் பெரியவர்களை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வுகளில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டியவர்களுக்கும் அவரவர் தேவைக்கேற்ற இடைவெளியில் காட்டியவர்களுக்கும் பல் நலத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர், புகையிலை போடுகிறவர், ஈறில் ரத்தம் வருகிறவர், காரை கெட்டிப்பட்டவர் அடிக்கடி காட்டத்தான் வேண்டும்.

ஞானப்பல்லும் அப்படித்தான். வலி, சீழ், சொத்தை, பக்கத்துப் பல்லுக்குக் கேடு எதுவும் இல்லாமல் உள்ளே கிடக்கும் ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்க வேண்டாம் என்று பிரிட்டன் அரசின் மருத்துவ வழிகாட்டி அமைப்பு 2000-லேயே சொல்லிவிட்டது.

நம்பிக்கை: செய்துகொண்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை, நல்லதுதானே.

வாணியம்பாடியில் 2023-ல் நடந்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு தனியார் பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்ற 10 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்ற தொற்று வந்தது. 8 பேர் இறந்துபோனார்கள். பல் கழுவப் பயன்படுத்திய சலைன் பாட்டிலை அறுவைக் கருவியால் திறந்து, சரியாக மூடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதில் கிருமி புகுந்ததாக, 2025-ல் லான்செட் குழும இதழில் வந்த ஆய்வு சொன்னது. இப்படி நடப்பது மிக அரிது. ஆனாலும் வாய்க்குள் நடக்கும் எந்த வேலையும் ஆபத்தே இல்லாதது என்று யாரும் சொல்ல முடியாது. தேவையான சிகிச்சைக்கு அந்த ஆபத்தை ஏற்கலாம், கறை படிந்த பள்ளத்துக்காக ஏன் ஏற்க வேண்டும்? கருவி கிருமி நீக்கிய உறையிலிருந்து உங்கள் எதிரில் பிரிக்கப்படுகிறதா, சலைன் புதிதாகத் திறக்கப்படுகிறதா என்று பாருங்கள். கேட்கலாம், தப்பில்லை.

நம்பிக்கை: பில் கேட்டால் ஜி.எஸ்.டி. சேர்ந்துவிடும்.

நோய்க்கான சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பில் கொடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லும் எக்ஸ்ரேயும் கையில் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். 1915 என்ற எண்ணில் முதலில் யோசனை கேட்டுக்கொள்ளலாம். மருத்துவரின் நடத்தை பற்றிய புகாருக்கு மாநில பல் மருத்துவக் கவுன்சில் இருக்கிறது.

நம்பிக்கை: அப்படியானால் பல் டாக்டர் பக்கமே போக வேண்டாம்.

இதுதான் எல்லாவற்றிலும் மோசமான முடிவு. மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்பது பொய். காரை எடுத்தால் பல் ஆட ஆரம்பிக்கும் என்பதும் பொய். ஏற்கெனவே ஆடுகிற பல்லைக் காரை பிடித்து நிறுத்தியிருக்கும், எடுத்ததும் ஆட்டம் தெரியும், அவ்வளவுதான். பால்பல் எப்படியும் விழும் என்று குழந்தையின் சொத்தையை விட்டுவிடுவதும் தப்பு.

சித்தி செய்தது போல “கேட்டுட்டு வரேன்” என்று எழுந்து வர முடியாத சந்தர்ப்பங்கள் சில உண்டு. முகமோ தாடையோ வீங்கிக் காய்ச்சல் வந்தால், வாயைத் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போனால், பல் எடுத்த இடத்தில் ரத்தம் நிற்காவிட்டால், அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத் திணறினால் 108-ஐக் கூப்பிடுங்கள். குழந்தை கீழே விழுந்து நிலையான பல் வேரோடு பெயர்ந்துவிட்டால் வேரைத் தேய்க்காமல், பல்லைப் பாலில் போட்டுக்கொண்டு அரை மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போய்ச் சேருங்கள். மறுபடி அதே குழியில் பொருத்த முடியும்.