இல்லத்துள் பரவும் வாந்திநோய்

நீரினாற் பெயர்பெற்ற ஊர் திருநீர்மலை. மலையைச் சுற்றிலும் நீர் சூழ்ந்து நின்றமையால், திருமங்கையாழ்வார் அந்நீர் வடியுமளவும் ஆறு திங்கள் காத்திருந்து, அதன்பின்னரே மேற்சென்று வழிபட்டனர் என்பது அவ்வூர்த் தலவரலாறு. 2021-ஆம் ஆண்டிலே தாம்பரம் மாநகராட்சியுட் சேர்க்கப்பட்ட இவ்வூரிலும் இதனைச் சூழ்ந்த ஊர்களிலும், இக்காலத்துக் குடிநீர் ஒரு வழியாக வருவதன்று. குழாயில் வருவதும், கிணற்றில் இறைப்பதும், லாரியிற் கொணர்வதும், கேனில் அடைத்து விற்பதும் எல்லாம் ஒரே தெருவிற் புழங்கக் காணலாம். ஆகவே ஒரு தெருவில் இருவர்க்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டால், ‘தண்ணீர் கெட்டுவிட்டது’ என்னும் சொல்லே எல்லார் வாயிலும் முதலில் எழுகின்றது.

அச்சொல் காரணமற்றதன்று. 2024-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் தொடக்கத்தில், இம்மலைக்கு அணித்தாகிய பல்லாவரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு முப்பதின்மருக்கு மேற்பட்டோர் மருத்துவமனை சேர்ந்தனர், உயிரிழப்பும் நேர்ந்தது. குழாய்நீரிற் சாக்கடைநீர் கலந்ததென மக்கள் முறையிட, அதிகாரிகள் வேறு காரணமும் இருக்கலாமென்று கூற, நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினர். குழாயைக் காத்தல் ஆட்சியாளரின் கடமை. அதனைத் தட்டிக் கேட்டல் குடிமக்களின் உரிமை. இதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. ஆயினும் யாம் ஈண்டு எழுதப் புகுந்தது வேறொரு வழியைப் பற்றி. குழாய்நீர் முற்றும் தூயதாயிருப்பினும், ஒரு வீட்டில் ஒருவர்க்கு வந்த நோய் மூன்றாம் நாள் நால்வர்க்கு வருவதேன்?

இவ்வினாவிற்கு விடை கிடைத்த கதை அறியத்தக்கது. 1968-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், அமெரிக்க நாட்டு ஒஹையோ மாகாணத்தில் நார்வாக் என்னும் ஊரிலுள்ள தொடக்கப்பள்ளி ஒன்றில், ஆசிரியரும் மாணவருமாக 232 பேரிற் பாதிப்பேர் வாந்திநோயுற்றனர். வியப்பு அதன்பின்னர் நிகழ்ந்ததே. அப்பள்ளியின் வாயிலை மிதியாதவராய், நோயுற்ற பிள்ளைகளோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த வீட்டாருள் நூற்றுக்கு 32 பேர் அடுத்த சில நாட்களில் அதே நோயுற்றனர். அவர்கள் பள்ளியின் நீரைப் பருகவில்லை, பள்ளியில் உண்ணவுமில்லை. பிள்ளைகளைப் பேணினர், அவ்வளவே. நான்கு ஆண்டுகள் கழித்து, 1972-இல், ஆல்பர்ட் கபிக்கியன் என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும், சேமித்து வைத்திருந்த மலத்தினின்று எடுத்த வடிநீரை மின்னணு நுண்காட்டியால் நோக்கி, மிகச் சிறிய வைரஸ் ஒன்றைக் கண்டனர். அவ்வூர்ப் பெயரின் சிதைவாகவே இன்று அது நோரோவைரஸ் எனப்படுகின்றது. நம் அண்டை மாநிலமாகிய கேரளத்திலும், 2021-ஆம் ஆண்டு நவம்பரில், வயநாட்டுப் பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர் பதின்மூவர்க்கு இந்நோய் கண்டது. விடுதிகளில் நெருங்கி வாழ்வோரிடையே அது முதலிற் புலப்பட்டது.

‘வாந்திபேதி’ என்று நம் முன்னோர் அஞ்சிய நோய் பெரும்பாலும் காலராவே. அது பாக்டீரியாவால் வருவது, நீர்வழிப் பெருகுவது, உடனே நீரிழப்பை ஈடுசெய்யாவிடிற் கொல்வது. வைரஸால் வரும் இவ்வாந்திநோயோ பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே தணியும். எனினும் பரவுவதில் இதற்கு நிகரானவை சிலவே. பதினெட்டு முதல் நூறு வரையிலான நுண்துகள்கள் வயிற்றுட் சென்றாலே நோய் செய்யப் போதும் என்பர். நோயாளியின் மலத்தில் ஒரு கடுகளவிலோ அவை கோடிக்கணக்கில் உள்ளன. உட்சென்ற பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளைக்குள் நோய் வெளிப்படும். கதவின் கைப்பிடி, குழாயின் திருகு, கைப்பேசி ஆகியவற்றின்மேல் அது பல நாட்கள் அழியாது கிடக்கும். சற்றே சூடுபடுத்திய உணவிலும் பிழைத்திருக்கும்.

இனி, 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின் நம்மவர் கைக்கொண்ட பழக்கம் ஒன்றைப்பற்றிச் சிறிது சொல்லவேண்டும். வீட்டு வாயிலில் சானிடைசர்க் குப்பியை வைத்து, அதனை உள்ளங்கையில் இருதுளி இட்டுத் தேய்த்தால் எல்லா நோயும் நீங்கும் என்று பலர் கருதுகின்றனர். கொரோனா வைரஸுக்குக் கொழுப்பாலாகிய மேலுறை உண்டு. சாராயச் சத்து அவ்வுறையைக் கரைத்து அதனைக் கெடுக்கும். நோரோவைரஸுக்கு அவ்வுறை இல்லை. ஆதலின் சானிடைசரால் அது எளிதில் அழிவதில்லை. சவுக்காரமும் இதனைக் கொல்வதன்று. ஆயினும் சவுக்காரமிட்டு, விரலிடுக்கும் நகக்கண்ணும் கட்டைவிரலும் படத் தேய்த்து, ஓடும் நீரிற் கழுவினால், கையை விட்டு அது நீங்கிப் போகின்றது. கொல்லுதல் வேண்டா, போக்குதலே போதும். இருபது விநாடிக்குக் குறையாமல் தேய்த்தல் வேண்டும். குழாய் இல்லாவிடத்து மற்றொருவர் செம்பினால் நீர் வார்க்க வேண்டும். ஒரே பாத்திரத்து நீரில் பலரும் கையை முக்கி எடுத்தல் கழுவுதல் ஆகாது. நோயைப் பங்கிடுதலே ஆகும்.

வாந்தி எடுத்த இடத்தைத் தூய்மை செய்யும் முறையிலும் நாம் திருந்துதற்கு இடமுண்டு. துடைப்பத்தாற் பெருக்கித் தள்ளினால், நுண்துளிகள் எங்கும் தெறித்துப் பரவும். நம் பாட்டிமார் சாம்பலையோ மணலையோ மேலே தூவி, ஈரம் ஊறியபின் வாரி எடுத்தனர்; அம்முறை இன்றும் ஏற்றதே. பழைய செய்தித்தாளால் மூடி எடுப்பதும் நன்று. எடுத்ததனைப் பையிற் கட்டி அகற்றியபின், அவ்விடத்தையும் அதனைச் சுற்றிலும் சில முழ தூரத்தையும் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் நனைத்துப் பத்து நிமிடம் விட்டுத் துடைத்தல் வேண்டும். ஒரு லிட்டர் நீருக்கு மேசைக்கரண்டி ஒன்று, அஃதாவது ஏறக்குறையப் பதினாறு கிராம், நல்ல தூள் போதும். கட்டவிழ்த்துப் பல மாதம் கிடந்து ஈரம் ஏறிய தூளில் வீரியம் இராது. கரைத்த நீரும் மறுநாளைக்கு உதவாது. கையுறை அணிந்து, சன்னல்களைத் திறந்துவைத்துச் செய்க. கழிப்பறைக்கு இடும் அமிலத்தோடு இதனை ஒருபோதும் கலத்தலாகாது. கலந்தால் எழும் குளோரின் ஆவி மூச்சை அடைக்கும். நோயினும் அதுவே பெருங்கேடாய் முடியும். நோயாளியின் துணிகளை உதறாமல் எடுத்துத் தனியே வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துக.

குடிநீரைப் பற்றியும் ஒன்று. கொதிக்கவைத்த நீராயினும், விலை கொடுத்து வாங்கிய கேன்நீராயினும், அதனை வைத்த குடத்துள் ஒருவர் விரல்தோயத் தம்ளரை விட்டு மொண்டால், காய்ச்சிய பயன் அக்கணமே போயிற்று. நீண்ட காம்புள்ள அகப்பையால் மொள்க. அல்லது அடியிற் குழாய் வைத்த பாத்திரத்தைக் கொள்க. பாத்திரத்தில் வாய்படாமல் அண்ணாந்து குடிக்கும் நம் நாட்டு வழக்கம் இக்காலத்து இளைஞரால் நகைக்கப்படுகின்றது. நோயுள்ள வீட்டில் அதனை மீண்டும் மேற்கொள்வதில் நாணத்துக்கு இடமில்லை.

இத்துணையும் கூறியது கருவிகளைப் பற்றி. ஆனால் நோய் வீட்டுள் பரவுதற்கு மூலமாகிய ஏற்பாடு ஒன்று உளது. அது பெரும்பாலும் நம் கண்ணிற் படுவதில்லை. நள்ளிரவில் குழந்தை வாந்தி எடுக்கின்றது. தாய் எழுந்து ஏந்துகின்றாள், துணி மாற்றுகின்றாள், தரையைத் துடைக்கின்றாள், மீண்டும் வாந்தி, மீண்டும் துடைத்தல். விடியற்காலையில் அதே தாய் அடுப்பை மூட்டி, மாவைக் கரைத்து, சட்னி அரைத்து, அறுவர்க்குப் பரிமாறுகின்றாள். கண்ணுறங்காத அவள் ஒவ்வொரு முறையும் இருபது விநாடி எண்ணிக் கைகழுவுவாள் என்று எதிர்பார்ப்பது நேர்மையாகாது. அவள்மீது குற்றமில்லை, மலம் எடுக்கும் பணியையும் சோறு சமைக்கும் பணியையும் ஒருத்தியிடமே விட்டுவிட்டு, ‘தண்ணீர் கெட்டுவிட்டது’ என்று தெருவில் நின்று பேசும் மற்றையோரது குற்றமே அது.

ஆகவே நோய்கண்ட வீட்டில் முதலாவது செய்யத்தக்கது பணிப்பகுப்பே என்பது எம் துணிபு. நோயாளியைப் பேணுவோர் ஒருவர்; சமைப்போர் வேறொருவர். பேணுவோர் அடுக்களையுட் புகற்க. சமைப்போர் நோயாளியின் துணியைத் தொடற்க. கழிப்பறை இரண்டுள்ள வீட்டில் ஒன்றை நோயாளிக்கே விடுக. ஒன்றேயாயின், அவர் சென்று வந்தபின் கைப்பிடியையும் திருகையும் மேற்சொன்ன நீரால் துடைத்தல் வேண்டும். ‘சமைப்பதற்கு வேறொருவர் யாண்டுளர்?’ என்று வினவுவோர்க்கு விடை கூறுவது எளிது. தந்தை இருக்கின்றார். கல்லூரியிற் படிக்கும் மகன் இருக்கின்றான். அவனுக்குக் குழம்பு வைக்கத் தெரியாதெனின், கஞ்சி காய்ச்சி ஒரு துவையல் அரைத்தலும் போதும். மூன்று நாள் அதனை உண்டு எவரும் மெலிந்ததில்லை. தாயே நோயுற்றால் இக்கேள்வி தானே தீர்ந்துவிடும். அவள் நோயுறுமுன் தீர்த்துக்கொள்வது நன்று.

நோயாளிக்கு நீர் கொடுத்தால் வயிற்றுப்போக்கு மிகும் என்று அதனை மறுக்கும் மூதாட்டியர் இன்றும் உளர். இந்நோயில் உயிர்போவது வைரஸாலன்று; உடலினின்று நீரும் உப்பும் வெளியேறுவதனாலேயே. 1971-இல் வங்கநாட்டுப் போரின்போது, பங்காவ் அகதி முகாமில் காலரா கொள்ளைகொண்ட நாளில், திலீப் மஹலநாபிஸ் என்னும் மருத்துவர் சர்க்கரையும் உப்பும் கரைத்த நீரைப் பருகக் கொடுத்தார். அங்கு நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு, நான்குக்கும் குறைந்தது. அக்கரைசலே இன்று ஓ.ஆர்.எஸ். என்னும் பொட்டலமாக ஆரம்ப சுகாதார நிலையங்களிற் கிடைக்கின்றது. பொட்டலத்தில் குறித்த அளவு நீரிலேயே அதனைக் கரைத்தல் வேண்டும். பாதிப் பொட்டலம், கண்ணளவு நீர் என்பன கூடா. அது கிட்டாதபோது, ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி இட்டுக் கரைக்கலாம். வாந்தி எடுத்தவுடன் புகட்டாமல் பத்து நிமிடம் பொறுத்து, பின் கரண்டி கரண்டியாகக் கொடுக்க. தாய்ப்பால் நிறுத்தற்க. சிறுநீர் வற்றினாலும், கண் குழிந்தாலும், குழந்தை துவண்டு விழித்து நோக்காவிடினும், மலத்தில் குருதி காணினும், கைவைத்தியத்தில் காலம் போக்காது மருத்துவமனை சேர்க.

கைக்குழந்தைகளுக்கு வரும் ரோட்டாவைரஸ் இதனினும் கொடிது. 1973-இல் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப்பும் அவர்தம் குழுவினரும் இதனைக் கண்டறிந்தனர். சக்கர வடிவினதாதலின் இப்பெயர் பெற்றது. நம் வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார், எளியோர் குடியிருப்புகளிற் பிறந்த 373 குழந்தைகளை மூன்றாண்டு தொடர்ந்து நோக்கி, 2011-இல் முடிபை வெளியிட்டனர். அக்குழந்தைகளில் நூற்றுக்கு 56 பேர் ஆறு திங்கள் நிரம்புமுன்னரே இத்தொற்றுக்கு ஆளாயினர். மும்முறை வந்துபோன பின்னரும் கடுநோயினின்று கிடைத்த காப்பு நூற்றுக்கு 79 அளவே. தூய்மை மிக்க செல்வ நாடுகளிலும் குழந்தைகளை இது விட்டதில்லை. ஆதலின் கைகழுவுதல் மட்டும் இதற்குப் போதாது. வாயில் இடும் தடுப்புமருந்து உண்டு. தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு முதல் ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் அரசினர் அதனை இலவசமாகக் கொடுத்து வருகின்றனர். முதல் தவணை கொடுத்தபின் ‘குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது’ என்று மற்ற இரண்டையும் விடுவது தகாது.

நோரோவைரஸுக்கு அத்தகைய தடுப்புமருந்து இன்னும் வழக்கில் வரவில்லை. வாந்தி நின்றபின்னும் இரண்டு வாரம்வரை அது மலத்தில் வெளிப்படுவதால், நலமுற்றவரும் முழுதாக இரண்டு நாள் கழியுமுன் சமையலிற் கைவைத்தலாகாது. அதன்பின்னரும் கைகழுவுதலில் தளர்தல் கூடாது. திருமணங்கள் மிகுதியாக நிகழும் திருநீர்மலை போன்ற தலத்துக்கு இது பெரிதும் வேண்டுவது. பந்திக்கு இலையிட்டுப் பரிமாறும் ஒருவர், முன்னாள் இரவு தமக்கு வாந்தி கண்டதை மறைத்து வருவாராயின், அவர் கையால் உண்டோர் அந்நோயைப் பல ஊர்களின் வீடுகளுக்குக் கொண்டுசெல்வர். அவர் மறைப்பது அன்றைக் கூலி போய்விடும் என்னும் அச்சத்தால். மணவீட்டாரும் சமையற்காரரும் முன்னரே பேசி, நோய் கூறி நின்றுவிடுபவர்க்கு அவ்விரு நாட்கூலியைக் கொடுத்துவிடுவார்களாயின், மறைப்பதற்குக் காரணமிராது. பந்தியில் ஓர் இனிப்பைக் குறைத்தாலும் அப்பொருள் கிடைத்துவிடும்.