மாம்பழத் தயிர் சாப்பிடலாமா?

அன்புள்ள அம்மா,

சர்க்கரை நோய் இருப்பதால் சாயங்காலம் ஜாங்கிரியை விட்டுவிட்டு மாம்பழ யோகர்ட்டுக்கு மாறிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். திருவண்ணாமலை கிரிவலத்தில் தலை சுற்றினால் உதவும் என்று பையிலும் ஒரு கப் வைத்துக்கொள்கிறீர்களாம். இரண்டையும் பற்றிச் சொல்ல வேண்டும்.

தயிரைக் கண்டு பயப்பட வேண்டாம். கப்பைத் திருப்பி, பொடி எழுத்தில் இருப்பதைப் பேரனைப் படிக்கச் சொல்லுங்கள். மொத்தச் சர்க்கரை ஒரு வரி, சேர்த்த சர்க்கரை இன்னொரு வரி. 100 கிராம் வெறும் தயிரில் பாலுக்கே உரிய சர்க்கரை நாலைந்து கிராம்தான். சேர்த்தது 10 கிராம் என்றிருந்தால், அது இரண்டு டீஸ்பூன் சீனி. காபியில் சீனியே போடாத நீங்கள் அதை ஏன் தயிரில் சாப்பிட வேண்டும்? 'கொழுப்பு இல்லாதது' என்ற வாசகத்தை நம்பி எடுக்காதீர்கள். சீனிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 மார்ச்சில், வாரம் இரண்டு கப் யோகர்ட்டாவது சாப்பிட்டால் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு குறையலாம் என்று விளம்பரம் செய்ய அனுமதித்தது. சான்று குறைவு என்பதையும் கூடவே சொல்ல வேண்டும் என்றது. அது நோய் வராதவர்களுக்கான பேச்சு, வந்தவருக்கு மருந்தல்ல.

வீட்டுத் தயிரை மெல்லிய துணியில் கட்டி ஒரு மணி நேரம் தொங்கவிடுங்கள். நீர் வடிந்து, கடைக் கப்பைவிடக் கெட்டியாக நிற்கும். கொய்யாவைப் பொடியாக நறுக்கிப் போட்டு, ஏலக்காய் ஒரு சிட்டிகை தூவி, நம் மாவட்டத்து வேர்க்கடலையை வறுத்து மேலே போடுங்கள். மாம்பழக் காலத்தில் இரண்டு துண்டு மாம்பழம் போதும். தேனும் நாட்டுச் சர்க்கரையும் வேண்டாம், அவையும் சர்க்கரைதான். சாப்பிடுமுன் ஒரு தடவை, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை குளுக்கோமீட்டரில் பாருங்கள். கடைக் கப்புக்கும் ஒருநாள் அப்படியே பாருங்கள். உங்கள் உடம்பு சொல்லும் கணக்கு என் கணக்கைவிட மேல்.

கிரிவலம் வேறு விஷயம். மாத்திரை போட்டுக்கொண்டு, இரவு சாப்பிடாமல் 14 கிலோமீட்டர் நடந்தால் சிலருக்குச் சர்க்கரை இறங்கிவிடும். கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும். அப்போது யோகர்ட் உதவாது. அதிலுள்ள புரதமும் கொழுப்பும் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து உட்காருங்கள். 15 நிமிடத்தில் தெளியவில்லை என்றால் மறுபடி அதே அளவு குடியுங்கள்; அப்போதும் சரியாகாவிட்டால் அருகிலுள்ள மருத்துவ முகாமுக்குப் போங்கள். பௌர்ணமிக்கு முன்பே, அன்று மாத்திரையை எப்போது, எவ்வளவு போடுவது என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

வழியில் அன்னதானத் தயிர்சாதம் கொடுத்தால் பாதி போதும். அதில் சர்க்கரையை ஏற்றுவது சோறுதான்.

அன்புடன்,
உங்கள் உணவுப் பக்கத்திலிருந்து