ஆபீஸ் கழித்த கம்ப்யூட்டர் போதும்

பொத்தேரி ஸ்டேஷனில் காலை எட்டு மணிக்கு இறங்குகிற கூட்டத்தில் பாதிப் பேரின் தோளில் லேப்டாப் பை தொங்கும். அவர்கள் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. இது ஸ்டேஷனைச் சுற்றி வாடகை வீடுகளில் இருந்துகொண்டு, மறைமலை நகரில் ஒரு அக்கவுண்ட்ஸ் வேலைக்கோ, ஆஸ்பத்திரி பில்லிங் கவுண்டருக்கோ, குரூப் 4 தேர்வுக்கோ முட்டி மோதிக்கொண்டிருப்பவர்களுக்கு. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து, பக்கத்தில் நிற்கிற முகம் தெரியாத பையனிடம் பாஸ்வேர்டை வாய்விட்டுச் சொல்கிறவர்களுக்கு.

வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். கையில் இருபது, இருபத்திரண்டாயிரம் இருக்கிறது. லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா? உட்கார்ந்து ஒரே இடத்தில் வேலை பழகப் போகிறீர்கள் என்றால் டெஸ்க்டாப்தான். இந்தக் காசுக்குக் கிடைக்கிற புது லேப்டாப், எக்செல் ஒன்றும் குரோமில் ஆறு டேபும் திறந்தாலே மூச்சு வாங்கும். ரேம் போர்டோடு ஒட்டியே வந்தால் பின்னால் கூட்டவும் முடியாது. டெஸ்க்டாப்பில் எது போனாலும் அதை மட்டும் மாற்றலாம். கண்ணுக்கு நேராகத் திரை, கைக்குச் சரியான கீபோர்டு. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் டைப் அடிக்கிற கழுத்துக்கு அது தெரியும்.

போன வருஷம் எங்கள் தெருவில் பி.காம் முடித்த ஒரு தங்கை கம்ப்யூட்டர் வாங்கிவிட்டு, "ஸ்லோவா இருக்குண்ணா, கொஞ்சம் பாருங்களேன்" என்று கூப்பிட்டாள். ஐ5, 8 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், 19 இன்ச் மானிட்டர், எல்லாம் சேர்த்து ஏழாயிரத்து ஐந்நூறு. சல்லிசு என்றுதான் எனக்கும் தோன்றியது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். ஐ5-3470 என்று இருந்தது. இன்டெல் அதை வெளியிட்டது 2012இல்.

"ஐ5தானேண்ணா சொன்னாங்க?"

பொய் சொல்லவில்லை. ஐ5தான். ஆனால் ஐ5 என்பது குடும்பப் பெயர் மாதிரி. தாத்தாவுக்கும் அதே, பேரனுக்கும் அதே. வயது அடுத்த எண்ணில் இருக்கிறது. 3470 என்றால் மூன்றாம் தலைமுறை, 6500 என்றால் ஆறாம் தலைமுறை, 8500 என்றால் எட்டாம் தலைமுறை, 10400 என்றால் பத்தாம் தலைமுறை. எட்டாம் தலைமுறை ஐ3-8100, அந்த மூன்றாம் தலைமுறை ஐ5ஐ அனாயாசமாக முந்திப் போகும். கடைக்காரர் "ஐ5, ஐ7" என்று சொல்லும்போது நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே: "எத்தனாவது ஜெனரேஷன்?" பதில் இழுத்தால் அடுத்த கடை.

எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். ஏன் எட்டு? விண்டோஸ் 11ஐ மைக்ரோசாஃப்ட் அதிகாரபூர்வமாக ஏற்பது எட்டாம் தலைமுறை இன்டெல் முதல்தான். ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்து. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால்தான் ஆறாம், ஏழாம் தலைமுறை பெட்டிகள் இப்போது மலிவாக வந்து குவிகின்றன. அவற்றில் விண்டோஸ் 11ஐக் குறுக்குவழியில் ஏற்றித் தருகிற கடைகளும் உண்டு. இன்று ஓடும்; நாளைக்கு அப்டேட் வரும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கிற, ஆதாரும் வங்கிக் கணக்கும் திறக்கிற கம்ப்யூட்டரில் அந்த ரிஸ்க் வேண்டாம்.

பெட்டி எங்கிருந்து வருகிறது

ஓ.எம்.ஆர். கம்பெனிகளாகட்டும், நம் ஜி.எஸ்.டி. ரோட்டு ஐ.டி. பார்க்குகளாகட்டும், பெரிய ஆபீஸ்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர்களைக் குத்தகைக்கு எடுத்து, சில வருஷம் ஓட்டிவிட்டு மொத்தமாகத் திருப்பிவிடும். ஏசி அறையில், தூசி படாமல், ஒரே மேஜையில் இருந்த பெட்டிகள். அவற்றைத் துடைத்து, புது எஸ்எஸ்டி போட்டு விற்பதைத்தான் ரீஃபர்பிஷ்டு என்கிறார்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ் 3060, 5060, 7060; எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4; லெனோவா திங்க்சென்டர் எம்720. இந்தப் பெயர்களை போனில் குறித்துக்கொள்ளுங்கள், எல்லாம் எட்டாம் தலைமுறைப் பெட்டிகள். புதுசாக அசெம்பிள் செய்து தருகிறேன் என்று இதே விலைக்குச் சொல்கிறவரின் பெட்டியில் பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ்ஸும் (உள்ளே கரண்ட் கொடுக்கிற டப்பா) எங்கேயோ கழற்றிய போர்டும் இருக்க வாய்ப்பு அதிகம். புதுசு என்பது அங்கே கேபினட் மட்டுமே.

ரீஃபர்பிஷ்டில் ஒரு குறை உண்டு. இந்த பிராண்டு பெட்டிகளின் எஸ்எம்பிஎஸ், போர்டு எல்லாம் அவரவர் அளவில் இருக்கும். பக்கத்துக் கடையில் கிடைக்கிற சாதா எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. அதனால் என் ஓட்டு, புத்தகம் அளவில் இருக்கிற மைக்ரோ அல்லது டைனி மாடலுக்கு. அதற்கு லேப்டாப் போல வெளியே ஒரு அடாப்டர்தான். போனால் அதை மாற்றினால் முடிந்தது.

பத்தாயிரம் ரூபாய் கம்ப்யூட்டர் என்பது நம் ஊரில் பழைய கனவு. 2005இல் எச்சிஎல் லினக்ஸ் போட்ட ஒரு டெஸ்க்டாப்பை ரூ. 9,990க்குக் கொண்டுவந்தபோது பேப்பர்களில் செய்தியாக வந்தது. அன்று அந்தக் காசுக்கு இருப்பதிலேயே சின்னப் பெட்டிதான் கிடைத்தது. இன்று கிட்டத்தட்ட அதே காசுக்கு ஒரு கம்பெனி மேனேஜர் உட்கார்ந்து வேலை பார்த்த பெட்டி கிடைக்கிறது.

ரேமைப் பற்றி மட்டும் எச்சரிக்கை. "இப்போ 4 ஜிபி போதும், அப்புறம் ஏத்திக்கலாம்" என்பது இதுவரை நல்ல யோசனையாக இருந்தது. இனி இல்லை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை வாரிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிவிட்டது. மைக்ரான் நிறுவனம் நம் மாதிரி ஆட்களுக்கு விற்றுவந்த குருஷியல் பிராண்டையே நிறுத்தப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. வாங்கும்போதே 8 ஜிபி உள்ளே இருக்கட்டும். சில நூறு ரூபாய் வித்தியாசத்தில் 16 தருகிறார் என்றால் யோசிக்காமல் எடுங்கள்.

ரிச்சி தெருவுக்கு ஒரு சனிக்கிழமை

கூடுவாஞ்சேரியிலும் தாம்பரத்திலும் கடைகள் உண்டு. ரிப்பேர் என்றால் தூக்கிக்கொண்டு ஓடப் பக்கம். ஆனால் நாலு பெட்டியை வரிசையாக வைத்து ஒப்பிட்டுப் பார்க்க சென்னை ரிச்சி தெருதான். பீச் லோக்கலில் ஏறி எழும்பூரிலோ பார்க்கிலோ இறங்கினால் அங்கிருந்து சின்ன ஆட்டோ தூரம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான ஷட்டர்கள் மூடியிருக்கும். மைக்ரோ பெட்டியின் இன்னொரு சௌகரியம் திரும்பி வரும்போது தெரியும்: சாயங்கால லோக்கல் நெரிசலில் அது காலேஜ் பைக்குள் அடங்கிவிடும். மானிட்டர் அடங்காது. மானிட்டரை ஊரிலேயே வாங்குங்கள். மே மாதம் அறையைக் காலி செய்கிற மாணவர்களிடம் விசாரித்தால் நல்ல 22 இன்ச் திரை படியும்.

கடையில் பத்து நிமிஷம் எடுத்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட வேண்டாம், அந்தத் தெருவில் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். பெட்டியை உங்கள் கண்முன் ஆன் செய்யச் சொல்லி, டெல் என்றால் எஃப்2, எச்பி என்றால் எஃப்10, லெனோவா என்றால் எஃப்1 அழுத்துங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அது பழைய கம்பெனி போட்ட பூட்டு. அந்தப் பெட்டியை வையுங்கள். தேதி 2018 என்று காட்டினால் உள்ளே இருக்கிற பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கிறது. அங்கேயே மாற்றித் தரச் சொல்லுங்கள், சில்லறைக் காசு சமாசாரம். விண்டோஸ் வந்ததும் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம். பிராசஸர் பெயர், ரேம், டிஸ்க் எஸ்எஸ்டியா என்பது மூன்றும் அங்கேயே தெரிந்துவிடும். பிறகு செட்டிங்ஸில் ஆக்டிவேஷன். இந்தப் பெட்டிகளில் பலவற்றுக்கு விண்டோஸ் லைசென்ஸ் போர்டிலேயே பதிந்து வரும். அங்கே ஆக்டிவ் என்று இருக்க வேண்டும். யூஎஸ்பி ஓட்டை ஒவ்வொன்றிலும் பென் டிரைவைச் செருகிப் பாருங்கள். முன்பக்கம் இரண்டு செத்திருப்பது சகஜம்.

பில் வாங்குங்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் குடியிருந்துகொண்டு ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்குவது அழகில்லை. பில்லில் பெட்டியின் சீரியல் நம்பரும் (டெல்லில் ஏழு எழுத்து சர்வீஸ் டேக்) வாரண்டி எத்தனை மாதம் என்பதும் கையால் எழுதியாவது இருக்கட்டும். "நம்ம கடைதான் சார், எப்ப வேணா வாங்க" என்பது வாரண்டி ஆகாது.

இந்தப் பெட்டிகளோடு வராதவை சில உண்டு; வீட்டுக்கு வந்த பிறகுதான் பலருக்கும் உறைக்கும். வைஃபை பெரும்பாலும் இருக்காது, ஒரு யூஎஸ்பி டாங்கிள் வேண்டும். கேமரா, மைக் கிடையாது. ஆன்லைன் இன்டர்வியூ என்றால் வெப்கேமும் மைக் வைத்த ஹெட்செட்டும் கட்டாயம். மானிட்டர் ஒயரையும் பாருங்கள். ஆபீஸ் பெட்டிகளில் டிஸ்ப்ளே போர்ட் என்ற சாய்ந்த மூலை வாய்தான் அதிகம், உங்கள் மானிட்டரில் எச்டிஎம்ஐயோ நீல நிற விஜிஏவோ இருக்கும். சரியான ஒயரை அங்கேயே வாங்குங்கள். இல்லையென்றால் ஒரு ஒயருக்காக இன்னொரு லோக்கல் டிக்கெட். இருபத்திரண்டாயிரத்தில் பெட்டிக்குப் பன்னிரண்டு, மானிட்டருக்கு ஐந்து, மீதி ஐந்து இந்த உதிரிகளுக்கும் யூபிஎஸ்ஸுக்கும் என்று நான் பிரிப்பேன்.

வேலைக்குத் தயார் செய்வது

கடைக்காரர் "ஆபீஸ், ஃபோட்டோஷாப் எல்லாம் ஃப்ரீயா போட்டுத் தரேன்" என்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தத் திருட்டு ஆக்டிவேட்டரோடு கூட என்ன உள்ளே வருகிறது என்று அவருக்கே தெரியாது. லிப்ரே ஆபீஸ் இலவசம். எக்செல் ஃபார்முலா பழக அது போதும். டேலி பிரைமை எஜுகேஷனல் மோடில் காசில்லாமல் ஓட்டலாம். மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும் என்ட்ரி போட விடும், ஆனால் வவுச்சரும் ஜி.எஸ்.டி. கணக்கும் பழக அதுவே தாராளம். தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது. லாங்குவேஜ் செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்தால் வந்துவிடும். அரசு 1999இல் அறிவித்த விசைப்பலகை அது. பாமினி விசைப்பலகையில் பழகிய விரல் முதல் வாரம் முரண்டு பிடிக்கும், பரவாயில்லை.

காசு பத்தாயிரமே என்றால்? முதலில் பரண்மேல் பாருங்கள். 2011இல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் அக்காவோ அண்ணனோ வாங்கியது கிடக்கலாம். அதில் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் மின்ட் ஏற்றினால் விண்ணப்பம் போட, டைப் பழக ஓடும். சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அந்த லேப்டாப்புகள் சிலவற்றிலேயே இருந்தது. நாம்தான் திறந்து பார்க்கவில்லை.

கரண்ட் பில்லுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. பெட்டியும் திரையும் சேர்ந்து 60 வாட் என்று வைத்தாலும், தினம் ஆறு மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 22 யூனிட் வராது. கரண்ட் போவதுதான் பிரச்சினை. சின்னதாக 600 விஏ யூபிஎஸ் ஒன்று, அதிலேயே வைஃபை ரூட்டரையும் சொருகுங்கள். கம்ப்யூட்டர் ஓடி ரூட்டர் செத்தால் யூபிஎஸ் இருந்து பயனில்லை.

முதல் ஆன்லைன் இன்டர்வியூ வந்தால், முந்தின நாள் இரவே விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டு ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள். இன்டர்வியூ அன்று நம் ஏரியாவில் பராமரிப்பு மின்தடை இருக்கிறதா என்று பேப்பரில் பாருங்கள். இருந்தால் ஹெச்.ஆருக்கு உடனே ஒரு மெயில் தட்டி மதியத்துக்கு மாற்றிக் கேளுங்கள். பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். வெப்கேமை மானிட்டரின் தலையில் மாட்டி, ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் வராமல் மேஜையைத் திருப்பிப் போடுங்கள். தெருப் பக்கம் இருக்கிற அறை என்றால் கதவையும் சாத்திவிடுங்கள், ஜி.எஸ்.டி. ரோட்டு ஹாரன் மைக்கில் அப்படியே கேட்கும்.