சீம்பால் முதலில் கன்றுக்கு

1. மாடு கன்று போட்டதும், கன்றின் மூக்கிலும் வாயிலும் இருக்கும் கோழையைத் துடைத்துவிட்டுத் தாயை நக்க விடுங்கள். நக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மாடாக இருந்தால், கன்றின் முதுகில் கொஞ்சம் தவிட்டைத் தூவுங்கள், நக்க ஆரம்பித்துவிடும்.

2. "நஞ்சுக்கொடி விழட்டும், அப்புறம் குடிக்கலாம்" என்று பெரியவர்கள் சொன்னால், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கேட்காதீர்கள். மாட்டின் நோய் எதிர்ப்புச் சக்தி கருவிலிருக்கும் கன்றுக்குப் போவதில்லை; பிறந்த பிறகு சீம்பாலில்தான் கிடைக்கிறது. அதை உறிஞ்சிக்கொள்ளும் திறன் கன்றின் குடலுக்கு முதல் சில மணி நேரம்தான் நன்றாக இருக்கும். ஒரு நாளில் ஏறக்குறைய முடிந்துவிடும். அதனால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முதல் வாய் உள்ளே போக வேண்டும். அதோடு, கன்று மடியை முட்டி ஊட்டினால் நஞ்சு விழுவதும் எளிதாகும். 12 மணி நேரமாகியும் விழவில்லையா? கையை விட்டு இழுக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

3. அளவு: கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு. 25 கிலோ கன்றுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர், மூன்று நான்கு வேளையாக.

4. எழுந்து நிற்க முடியாத கன்றுக்குக் கறந்துதான் கொடுக்க வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு விரலைப் பாலில் நனைத்துக் கன்றின் வாயில் வையுங்கள். சப்பத் தொடங்கியதும் கையை மெல்லப் பாத்திரத்துக்குள் இறக்குங்கள். விரல் இடுக்கு வழியே பால் ஏறும். ருசி கண்டதும் விரலை உருவிக்கொள்ளலாம். நாக்கை இழுத்துப் பிடித்து மூங்கில் குழாயில் ஊற்றும் வேலை வேண்டாம். பால் நுரையீரலுக்குள் போனால் கன்று பிழைப்பது கஷ்டம்.

5. ஆறிப்போன சீம்பாலை நேராக அடுப்பில் வைத்தால் திரிந்துவிடும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, கை பொறுக்கும் சூட்டில் கொடுங்கள்.

6. தாய்க்குப் பால் இல்லையென்றால், அதே சமயத்தில் கன்று போட்ட வேறொரு மாட்டின் சீம்பாலைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் யாரும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள்.

7. தொப்புள் கொடியை இரண்டு அங்குலம் விட்டு நூலால் கட்டி, புதுப் பிளேடால் அறுத்து, டிங்சர் அயோடின் தடவுங்கள். சாணம், மஞ்சள் எதுவும் வைக்க வேண்டாம்.

8. வெல்லமும் ஏலக்காயும் போட்ட சீம்பால் யாருக்குத்தான் பிடிக்காது! அக்கம்பக்கத்தில் கொடுப்பதும் நல்ல வழக்கம்தான். ஆனால் முதல் கறவை கன்றுக்கு. அது வயிறு நிறையக் குடித்து மிச்சமானதுதான் அடுப்புக்கு.

9. கழிச்சல் கண்டால் கன்று சீக்கிரம் துவண்டுவிடும். மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் உதவி இலவசமாகக் கிடைக்கும்.