ஆண்டிபட்டிக் கணவாயை மேஜையில் அமைக்க...

பெரியகுளத்துக்காரர்கள் ரயில் பார்க்கத் தேனிக்குத்தான் போக வேண்டும். 1928-ல் வந்த மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை நம் ஊரைத் தொடவேயில்லை. மேஜை மேல் ஓடும் மாடல் ரயிலில் அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளலாம். தண்டவாளம் பூட்டி வண்டி ஓட்டுவது ஒரு மாலை வேலை. ஜல்லி, புல், தென்னை என்று வரும்போதுதான் பலருக்கும் சலித்துப்போய், எல்லாம் பரணுக்குப் போகிறது. முழுப் பலகையிலும் ஒரே நேரத்தில் கை வைப்பதே இதற்குக் காரணம் என்பேன்.

முதலில் ஓரடிக்கு இரண்டடி பலகை ஒன்றை மட்டும் எடுங்கள். ஒரே ஒரு காட்சி போதும்: அந்தப் பாதையில் வரும் ஆண்டிபட்டிக் கணவாயின் பாறை வெட்டு, கீழே ஒரு தோப்பு. 1:87 அளவில் மீட்டர்கேஜுக்கு 12 மி.மீ. தண்டவாளம் சரியாகப் பொருந்தும். இன்றைய அகலப்பாதைக்கு 19 மி.மீ.க்கு மேல் வேண்டும்; கடையில் சாதாரணமாகக் கிடைப்பதோ 16.5. ஆகவே பழைய வண்டியையே ஓட்டுங்கள்.

மலையை முதலில் முடித்துவிடுங்கள். தெர்மாகோலை அடுக்கிச் செதுக்கி, செய்தித்தாள் கீற்றுகளை மைதாப் பசையில் நனைத்து ஒட்டி, இரவு முழுக்கக் காயவிடுங்கள். அது காயும் நேரத்தில், மேலே தூவும் மண்ணுக்கான வேலை. நம் தோட்டத்துச் செம்மண்ணை வாணலியில் வறுத்து, டீ வடிகட்டியில் சலித்து, அதனுள் ஒரு காந்தத்தை ஓட்டுங்கள். கரும்பொடி அப்பிக்கொண்டு வரும். அதை விட்டுவைத்தால் இன்ஜின் மோட்டாருக்குள் போய் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து ஜல்லி. பொறுமை போவது இங்கேதான். நிஜ ஜல்லி 50 மி.மீ. என்றால் நமக்கு 0.6 மி.மீ.; எம்-சாண்டைச் சலித்தால் ரவை பருமனில் கிடைக்கும். ஒரு நாளைக்கு ஒரு சாண், அதற்கு மேல் வேண்டாம். மடித்த காகிதத்தால் தண்டவாளங்களுக்கு நடுவே கொட்டி, சிலீப்பர் கட்டைகளின் தலை தெரியும்வரை மென்மையான பிரஷ்ஷால் தள்ளுங்கள். ஒரு சொட்டு ஷாம்பு கலந்த தண்ணீரைப் பனிபோலத் தெளியுங்கள். ஷாம்பு இல்லாவிட்டால் பசை உள்ளே இறங்காமல் முத்து முத்தாக உருளும். பிறகு ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட்டு, காலைவரை தொடாதீர்கள். தண்டவாளம் பிரியும் பாயிண்டின் நாக்குப் பக்கம் பசை போனால் பாயிண்ட் போச்சு. ஆடிக் காற்றில் ஜன்னலைத் திறந்துவைத்து இந்த வேலையில் உட்காராதீர்கள்.

கடைசியில் மரம். 15 மீட்டர் தென்னை இங்கே 17 செ.மீ. தடித்த கம்பியில் நூலைச் சுற்றி, பசை தடவிச் சாம்பல் தூவினால் தண்டு தயார். ஓலைதான் நேரம் தின்னும்: பச்சைக் காகிதத்தில் மெல்லிய கம்பியை ஒட்டி, இரு ஓரமும் நறுக்க வேண்டும். கோடை பண்பலையைப் போட்டுவிட்டு, ஓர் உட்காரலில் ஓலை மட்டும் நறுக்குங்கள். மரம் கட்டுவது மறுநாள். முன்வரிசையில் மூன்று மரம் முழுசாக இருந்தால் போதும். பின்வரிசைக்குப் பாதி ஓலை. யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை. மாமரம் இன்னும் சுலபம்: முறுக்கிய செம்புக் கம்பியும், பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பிய்த்த துணுக்குகளும் போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஒரு கெடு வையுங்கள். என் கணக்கில் நவராத்திரிதான் சரி. கொலுப்படிக்குக் கீழே பூங்காவுக்குப் பதில் இந்தப் பலகையை வைப்பதாக வீட்டில் சொல்லிவிட்டால், பிள்ளைகளே தினமும் நச்சரித்து வேலையை முடிக்க வைப்பார்கள்.