முயற்குட்டிகளைக் கையாளுதலும் பராமரித்தலும்

தருமபுரிக்குத் தெற்கே, சேலம் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள அதியமான்கோட்டை, பண்டைத் தகடூரை ஆண்ட அதியமான் மரபின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊராகும். அதனைச் சுற்றியுள்ள மானாவாரி நிலங்களில் கேழ்வரகும் நிலக்கடலையும் பயிராகின்றன. இத்தகைய கொல்லைகளில் அறுவடை நடக்கும்போது, செடிகளின் நடுவே சிறு முயற்குட்டியொன்று அசையாது பதுங்கியிருப்பது காணப்படுவதுண்டு. சிறுவர்கள் அதைத் தாயற்ற குட்டியென எண்ணி, வீட்டிற்குக் கொணர்ந்து பசும்பால் புகட்டுவர். சில தினங்களில் அது இறந்துவிடும். மறுபுறம், பணம் கொடுத்து வாங்கி வளர்க்கும் முயல் ஈன்ற குட்டிகளோ, கவனிக்க வேண்டிய வேளையில் கவனிப்பாரின்றி மடிகின்றன. இவ்விரு நஷ்டங்களுக்கும் காரணம் ஒன்றே: எக்குட்டியை எப்பொழுது தொடலாம், எப்பொழுது தொடலாகாது என்பதை அறியாமை.

இருவகை முயல்கள்

முயல் என்று ஒரே பெயரால் வழங்கப்படினும், காட்டு முயலும் வளர்ப்பு முயலும் வெவ்வேறு பிராணிகளாம். நம் கொல்லைகளில் ஓடுவது பிடரியில் கருந்திட்டுள்ள காட்டு முயல். அது வளை தோண்டுவதில்லை. புல்லிடையே சிறு பள்ளத்தில் படுத்திருக்கும். அதன் குட்டி உடல் முழுதும் ரோமத்துடனும், திறந்த கண்களுடனும் பிறக்கிறது. வளர்ப்பு முயலோ ஐரோப்பிய வளைமுயலின் வழிவந்தது. அதன் குட்டி ரோமமின்றி, கண் மூடிய நிலையில், ஏறக்குறைய 40 முதல் 60 கிராம் எடையுடன் பிறக்கிறது. ஆகவே ஒன்றற்குரிய பராமரிப்பு மற்றொன்றற்குப் பொருந்தாது.

காட்டு முயற்குட்டி

காட்டு முயல் தன் குட்டியைப் பகலெல்லாம் தனியே விட்டுத் தூரத்தில் இருப்பது இயல்பு. அடிக்கடி வந்தால் நரியும் நாயும் இடத்தைக் கண்டுகொள்ளும். இருட்டிய பின்னரே அது வந்து சிறிது நேரம் பாலூட்டிச் செல்லும். எனவே தனித்திருக்கும் குட்டி அனாதையன்று. அதனை எடுக்காமல் விடுவதே உத்தமம். அறுவடை நடப்பதாயின் அவ்விடத்தில் சில செடிகளை மாலை வரை அறுக்காது நிறுத்தலாம். நாயினால் ஆபத்து நேருமென்று தோன்றினால், குட்டியைப் புல்லுடன் சேர்த்து அள்ளி, சில அடி தூரத்திலுள்ள புதரடியில் வைத்துவிட வேண்டும். காயமுற்றதாயின் வனத்துறையினருக்குத் தெரிவித்தல் வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டு முயலைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றமாகும்.

ஈனுமுன் செய்ய வேண்டியவை

வளர்ப்பு முயல் இணை சேர்ந்த 30 முதல் 32 நாட்களில் ஈனும். 27 அல்லது 28ஆம் நாளிலேயே ஈனும் பெட்டியைக் கூண்டில் வைத்துவிட வேண்டும். ஒன்றரை அடி நீளமும், ஓரடி அகலமும், ஓரடி உயரமுமுள்ள மரப்பெட்டி போதும். தாய் எளிதில் புகுவதற்காக ஒரு பக்கத்தின் உயரத்தைக் குறைத்துவிடலாம். அதனுள் உலர்ந்த மெல்லிய புல்லை இட்டால், தாய் தன் வயிற்று ரோமத்தைப் பிடுங்கிச் சேர்த்து மெத்தை அமைத்துக்கொள்ளும். எறும்பு புகாதிருக்கக் கூண்டின் கால்களை நீர் நிறைந்த கிண்ணங்களில் நிறுத்துக. எலி, பூனை, பாம்பு நுழையாதபடி கம்பிவலை நெருக்கமாக இருத்தல் அவசியம்.

முதல் இருபது நாட்கள்

ஈன்ற அன்றே, தாய் தீனி தின்னும் வேளையில், பெட்டியை ஒருமுறை சோதிக்க வேண்டும். குட்டிகளைத் தொட்டால் தாய் வெறுத்துவிடும் என்னும் அச்சத்தால் பலர் இதனைச் செய்யாது விடுகின்றனர். கைகளைக் கழுவி, பெட்டியிலுள்ள ரோமத்தையே உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு தொட்டால் தீங்கில்லை. இறந்த குட்டிகளையும் நனைந்த புல்லையும் நீக்கிவிட்டு, மற்றவற்றை ரோமத்தால் மூடுக. அதன்பின் நாளொன்றுக்கு ஒருமுறை பார்த்தல் போதுமானது. வேடிக்கை பார்க்கச் சிறுவர்கள் கூடுவதும், நாய் அருகில் வருவதும் தாயை மிரளச் செய்யும். மிரண்ட தாய் பெட்டிக்குள் குதித்துக் குட்டிகளை மிதித்துவிடும்.

தாய்முயல் நாளொன்றுக்கு ஒருமுறை, சிலவேளை இருமுறை, மூன்று நான்கு நிமிஷங்களே பாலூட்டும். ஆகவே அது எப்பொழுதும் வெளியே அமர்ந்திருப்பது கண்டு கலங்க வேண்டுவதில்லை. வயிற்றைப் பார்த்தாலே உண்மை விளங்கும். வயிறு உருண்டு தோல் வழவழப்பாயிருப்பின் பால் குடித்த குட்டி. ஒட்டிச் சுருங்கியிருப்பின் பட்டினி கிடக்கும் குட்டி.

பூனையைப் போல முயல் தன் குட்டியை வாயாற் கவ்வி எடுத்துச் செல்வதில்லை. முலைக்காம்பைப் பற்றியபடி பெட்டிக்கு வெளியே வந்து விழுந்த குட்டியை மனிதன் எடுத்து வைக்காவிடில் அது குளிரிலேயே மடியும். குளிர்ந்த குட்டிக்கு முதலில் வேண்டுவது உஷ்ணம், பால் அன்று. உள்ளங்கைகளுக்கிடையே வைத்துச் சூடேற்றிய பின் பெட்டியில் சேர்த்துவிட்டால் தாயே பாலூட்டும்.

10 முதல் 12 நாட்களில் கண் திறக்கும். திறவாவிடில் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சினால் மெதுவாகத் துடைக்கலாம். மூன்றாம் வாரத்தில் குட்டிகள் வெளிவந்து இலையைக் கொறிக்கத் தொடங்கும்.

தூக்கும் முறை

காதைப் பிடித்துத் தூக்கும் வழக்கம் மிகக் கொடியது. காது முயலின் தேகச் சூட்டைத் தணிக்கும் மெல்லிய உறுப்பு. முயலின் எலும்பு இலேசானது. பின்னங்கால் தசையோ மிக வலியது. பிடி தளர்ந்து அது உதைக்கும்போது தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். ஆகையால் ஒரு கையை மார்பின் கீழும், மற்றொரு கையைப் பின்பாகத்தின் கீழும் கொடுத்து, உடலோடு அணைத்துத் தூக்க வேண்டும். சிறுவர்கள் தரையில் அமர்ந்து மடியில் வைத்துக்கொள்வதே நலம்.

ஆகாரமும் வெயிலும்

நான்கு முதல் ஆறு வாரத்தில் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கலாம். இக்காலத்தில் தீனியைத் திடீரென மாற்றினால் கழிச்சல் உண்டாகும். பட்டுப்பூச்சி வளர்ப்பு நடைபெறும் இப்பகுதியில் எளிதிற் கிடைக்கும் மல்பெரி இலையும், வேலிமசால், குதிரைமசால், அகத்தி முதலியனவும் நல்லவை. அவற்றை ஈரம் போக வாடவிட்டுக் கொடுக்க வேண்டும். மருந்து தெளித்த இலையும், பூஞ்சணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கும் உயிருக்கு ஆபத்து. முயல் தன் மிருதுவான புழுக்கையை மீண்டும் தின்பது இயற்கையான ஜீரண முறை, வியாதியன்று. ஆனால் வயிறு ஊதுதலும் கழிச்சலும் கண்டால், அக்குட்டியைத் தனியே பிரித்து உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுக. புழுக்கை தேங்காத கூண்டே கழிச்சல் நோய்க்குச் சிறந்த தடை.

கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய ஆட்டின மற்றும் கம்பள ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் இயங்கி வருகிறது. அங்கு சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயண்ட் ஆகிய முயலினங்கள் வளர்க்கப்படுகின்றன. அவ்வூர் குளிர்ந்தது, அதியமான்கோட்டையிலோ சித்திரை, வைகாசியில் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும். 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்திலேயே முயல் வருந்தத் தொடங்கும். எனவே மலையினின்று முயல் வாங்குவோர் இரவில் கொணர்தலும், கோடையில் ஓலைக் கூரையும் ஈரச் சாக்குத் திரையும் அமைத்தலும், அம்மாதங்களில் ஈனாதபடி இணை சேர்த்தலும் நலம். குட்டிகள் சிதறி மூச்சிரைத்துக் கிடந்தால் பெட்டியிலுள்ள ரோமத்தைச் சிறிது குறைக்க வேண்டும்.

சங்கத்தினால் ஆகும் உதவி

தாய் இறந்துவிட்டால் தனி ஒருவர் குட்டிகளைக் காப்பது மிகக் கடினம். முயற்பால் பசும்பாலைவிடப் பன்மடங்கு செறிவானது. ஆனால் அங்கத்தினர் இருவர் தம் முயல்களை ஒரே நாளில் இணை சேர்த்திருந்தால், ஒருவரது குட்டிகளை மற்றவரது முயலிடம் விடலாம். வயது வித்தியாசம் இரண்டு மூன்று நாட்களுக்கு மிகாமலும், முலைக்காம்புகளுக்கு மிகையாகக் குட்டிகள் சேராமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். குட்டிகளைப் புதிய தாயின் ரோமத்தால் தடவி, அதன் குட்டிகளின் நடுவே வைத்தால் ஏற்றுக்கொள்ளும். இணை சேர்த்த நாள், ஈன்ற நாள், பிழைத்த குட்டிகள் ஆகியவற்றைச் சங்கத்தில் ஒரே பதிவேட்டில் குறித்து வந்தால் இவ்வுதவி எளிதாகும். ஒரே தாய் வயிற்றுக் குட்டிகளைத் தம்முள் இணை சேர்க்காது, ஆண் முயல்களை மாற்றிக்கொள்ளவும் இயலும்.

கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டிய வினாக்கள்

1. கொல்லையில் கண்ட குட்டி காட்டு முயலின் குட்டி என்பதை எவ்வாறு அறியலாம்?
2. குட்டி பால் குடித்ததா என்பதற்கு அடையாளம் யாது?
3. பெட்டிக்கு வெளியே குளிர்ந்து கிடக்கும் குட்டிக்கு முதலில் செய்ய வேண்டுவது என்ன?
4. நம் சங்கத்தில் எந்தெந்த அங்கத்தினர் ஒரே நாளில் இணை சேர்க்க உடன்படலாம்?